நைனாவின் பிளாட்பாரம்

காலையில் எந்த ஊரை விட்டுப் புறப்பட்டாளோ அதே ஊரில், உச்சிப்பொழுதில் வந்து இறங்கினாள் வெண்ணிலா.

காவலூர் நிறுத்தத்தில் அவளை இறக்கிவிட்டு பஸ் வளைவில் மறைந்தது. தோளில் புது நீலப் பை. எதிரே டீக்கடை, அதன் பின்னால் புளியமரங்கள், மரங்களுக்கு மேலே தொலைநோக்கிக் கூடத்தின் வெள்ளைக் கூரை. எல்லாம் காலையில் பார்த்தபடியே இருந்தன. அவள்தான் இங்கே இருக்கக் கூடாது. இந்நேரம் வாணியம்பாடி ஸ்டேஷனில் சென்னை வண்டிக்குக் காத்திருக்க வேண்டியவள்.

டீக்கடை கோபால் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா வெண்ணிலா? மெட்ராசுக்குக் கெளம்புன பொண்ணு, போன வேகத்துல வந்து நிக்கிற? எதனா மறந்து வெச்சிட்டியா?"

"ஆமாண்ணா," என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது? எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றா?

நினைவில் இருந்தது இவ்வளவுதான். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் வாணியம்பாடி பஸ் ஏறி உட்கார்ந்தாள். வேர்க்கடலை விற்கிற அம்மாளிடம் ஒரு பொட்டலம் வாங்கினாள். அப்போது ஒரு ரயில் ஹாரன் கேட்டது. மெல்லியதாக, நீளமாக. ஆலங்காயத்தில் ஏது ரயில் என்று திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அடுத்துக் கேட்டது 'காவலூர் எறங்கு' என்கிற கண்டக்டரின் குரல்தான். கடலைப் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது.

இது மூன்றாவது தடவை.

வியாழக்கிழமை இப்படி ஆனபோது, தூங்கிப்போய்விட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். நேற்று ஆனபோது, காய்ச்சல் மயக்கம் என்றாள். இன்றைக்குச் சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ரயில்வேயில் உதவி எஞ்சின் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பயிற்சிப் பள்ளியில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வெண்ணிலாவைத் திமிர் பிடித்தவள் என்று ஊர் சொல்லும். அவளும் இல்லை என்று மறுத்ததில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டை நோக்கி நடந்தபோது அந்தத் திமிரே கொஞ்சம் தள்ளாடியது.

பேய்க்கு ராத்திரிதான் தோது என்று எவன் சொன்னானோ தெரியாது. மலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உச்சி வேளையைத்தான் சொல்வார்கள். நிழலெல்லாம் காலடிக்குள் சுருங்கிக்கொள்ளும். காக்காய்கூட வாயைத் திறக்காது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவே அந்த மண்பாதையில் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்குள் அம்மா மங்கம்மாள் சோறு வடித்து, இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

"கைகாலு கழுவிக்கினு வாடி," என்றாள்.

"நான் வருவேன்னு உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"ஹாரன் அடிச்சிது. அப்பவே உல வெச்சிட்டேன்."

வெண்ணிலா சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்கே அடித்தது என்று கேட்கவில்லை. சமையல்கட்டுக்கு அடுத்தாற்போல் பூட்டுப் போட்டுக் கிடந்தது நைனாவின் அறை.

நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேவராஜ் என்றால் ஆலங்காயத்தில் எல்லாருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர். சின்ன வயசில் ரயில்வேயில் சேரப் போய், பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாத கண் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரம் ஆறவே இல்லை. ஜவ்வாது மலைக்கு வராத ரயிலைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று கிளம்பினார். இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை போட்டு, அதன்மேல் காகிதக் கூழில் மலை எழுப்பி, சாமை உமியை ஒட்டி மண்ணாக்கி, விரல் அகலத் தண்டவாளம் பதித்தார். அதற்குப் பெயர் 'லேஅவுட்டு' என்று அவர் கடையில் சொல்லப் போக, மனை போடுகிறார் என்று நினைத்து நாலு பேர் வந்து சதுரடி என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எஞ்சினைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் இருக்கும். டீகோடர் என்பார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த எஞ்சின் மட்டும்தான் வரும். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றி வைத்துவிட்டால் முன்னால் போ என்றால் பின்னால் வரும். நிறம் தெரியாத மனுசனுக்கு நிறம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் வெண்ணிலா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர் பிடிக்க வேண்டும். பிடித்துப் பிடித்தே எல்லா வேலையும் கற்றுக்கொண்டாள். ஒயரைப் பற்ற வைக்கிற ஈயம் சொட்டிய தழும்பு அவள் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

அப்படிக் கற்றுக்கொண்ட பெண், நிஜ ரயில் ஓட்டப் போகிறேன் என்று வந்து நின்றபோது வீடு இரண்டுபட்டது.

"ரயிலு இங்கயே கீது. இன்னாத்துக்கு வெளிய போற?" என்றார் தேவராஜ்.

"இது பொம்ம நைனா."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் மகளோடு பேசவே இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு முன் அவர் அந்த அறையிலேயே செத்துக் கிடந்த நாளை இப்போது இரண்டு பேரும் சோற்றில் கை வைக்காமல் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நீ உள்ள போய் இன்னா சொன்னன்னு மறுக்காச் சொல்லு," என்றாள் மங்கம்மாள்.

"எத்தினி தடவ சொல்றது? வேலைக்குக் குடுக்க போட்டோ எடுக்கணும்னு ஆலங்காயம் கெளம்பினேன். பேசலன்னாலும் நைனாதானே, சொல்லிக்கினு போலாம்னு கதவத் தொறந்தேன். முதுகக் காட்டிக்கினு குந்திக்கினு இருந்தாரு. முன்னாடி பொக வந்துக்கினு இருந்திச்சி. ஈயம் வெச்சிக்கினு கீறாருன்னு நெனச்சேன். 'வர்றேன் நைனா'ன்னேன். திரும்பல. எனக்குக் கோவம் வந்திடிச்சி. 'வர்றேன்னு சொல்றேன்ல, காதுல வுழுதா?'ன்னு கேட்டேன். அதுக்கும் பேசல. நீ வாயத் தொறக்காம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்னுட்டு, மூணாவது வாட்டியும் கத்தினேன். 'வர்றேன்!'"

"அப்பால?"

"'ம்'னாரு."

மங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டரு வந்து பாத்துட்டு இன்னா சொன்னாரு? உசுரு விடியகாலமே போயிடிச்சின்னாரு. நீ கெளம்பும்போது வெயிலு ஏறிடிச்சி. ஒடம்பு கட்டையாக் கீது, கையில ஈயம் வெக்கிற கம்பி சுட்டுக்கினு கீது. செத்த மனுசன் எப்பிடிடீ 'ம்'னு சொல்வாரு?"

நம் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். போகிறவர் திரும்பி வர வேண்டும் என்கிற ஆசை அது. சாவு வீட்டில் மட்டும் அந்த வார்த்தையும் கூடாது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வாயைத் திறக்காமல் எழுந்து நடக்க வேண்டும். செத்தவரிடம் போய் 'வர்றேன்' என்றால் அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆவது?

வெண்ணிலா மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

"நான் உயிரோட கீறாருன்னு நெனச்சித்தானேம்மா சொன்னேன்!"

"நீ இன்னா நெனச்சன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? சொன்னது சொன்னதுதான்."

வெண்ணிலா அம்மாவை உற்றுப் பார்த்தாள். இரண்டு தட்டையும் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு. நான் திரும்பித் திரும்பி வர்றது உனக்குப் புடிச்சிக் கீதா?"

மங்கம்மாளுக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. "புடிச்சித்தான் கீது. இன்னா பண்ணச் சொல்ற? தனியா அந்த ஹாரனக் கேட்டுக்கினு குந்த எனக்குப் பயமாக் கீதுடி. நீயும் போய்ட்டா நான் யாரு கூட பேசுவேன்?"

அவள் அழுது முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அது அடித்தது.

மெல்லியதாக. நீளமாக.

அந்த அறைக்கான மின்சார பீஸைப் பிடுங்கி மங்கம்மாள் இடுப்பில் செருகி வைத்திருந்தாள், காரியம் முடிந்த நாளிலிருந்து. கரண்ட் இல்லாத அறைக்குள் எஞ்சினின் ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. வெண்ணிலாவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து நின்றன.

அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் என் கால் என் பேச்சைக் கேட்க வேண்டாமா?

"சாவியக் குடு."

"வேணாண்டி."

"பீஸையும் குடு. எனக்குக் கரண்ட் வேணும்."

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. ஈயம் பற்ற வைக்கும்போது எழும் பிசின் புகை, கோயிலில் குங்கிலியம் போட்ட மாதிரி. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த அறையில் அது இப்போதுதான் புகைந்ததுபோல் இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் பலகைமேல் கொட்டிக் கிடந்தது. பீரோமேல், நாற்காலிமேல், தரையில், எங்கும் தூசி படிந்திருந்தது.

லேஅவுட்டின்மேல் மட்டும் ஒரு துளி தூசி இல்லை.

காகித மலையும், உமி மண்ணும், குச்சிகளில் செய்த புளியமரங்களும் பளிச்சென்று இருந்தன. மலையடிவாரத்தில் அவர் கட்டிய ஸ்டேஷன். எண்ணெய் டின் தகரத்தை வெட்டி மடக்கிச் செய்த பிளாட்பாரம். காயில் கட்டுகிற செம்புக் கம்பியை முறுக்கி முறுக்கி அவர் செய்த மனிதர்கள். கூடைக்காரி, போலீஸ், பச்சைக்கொடி பிடித்தவர். சிவப்பு எஞ்சின் மலைக்குப் பின்னால் எங்கேயோ நின்றது.

வெண்ணிலா பீஸைச் செருகினாள். லேஅவுட்டின் தெரு விளக்குகள் பொட்டுப் பொட்டாக எரிந்தன. அவள் நைனாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதுவரை அதில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஈயம் பற்ற வைக்கிற சால்டரிங் அயர்னை ஸ்விட்சில் மாட்டினாள். எஞ்சினைப் பிரித்து அந்த ஹாரன் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடுவது என்பதுதான் அவள் திட்டம்.

எஞ்சின் தானாகவே வந்தது.

அதை ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டி அணைந்துதான் இருந்தது. ஆனாலும் எஞ்சின் மலையைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக, பின்பக்கமாக ஓடி வந்தது. பிளாட்பாரத்தில் நின்றது. அதன் விளக்கு ஒரு இடத்தில் போய் விழுந்தது.

அங்கே ஒரு பெண் நின்றாள்.

சுண்டுவிரல் பாதி உயரம். செம்புக் கம்பி உடம்பு. தூக்கிக் கட்டிய முடி, சுடிதார். வெண்ணிலாவுக்கு அவளைத் தெரியவில்லை. இதை எப்போது செய்தார்? கிட்டே குனிந்தாள்.

கம்பிப் பெண்ணின் தோளில் ஒரு பை இருந்தது. நீலப் பை.

தன் நீலப் பையை வெண்ணிலா வாங்கியது போன திங்கட்கிழமை. நைனா செத்து ஒரு மாதம் ஆகிவிட்ட பிறகு.

அம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி அது?" என்று கிசுகிசுத்தாள்.

மற்ற பொம்மைகளெல்லாம் பசையில் ஒட்டியவை. தட்டினால் விழுந்துவிடும். இவளுடைய இரண்டு பாதங்களும் தகரத்தோடு ஈயம் வைத்துப் பற்ற வைக்கப்பட்டிருந்தன. வெள்ளி மாதிரி மின்னும் புதுப் பற்று. நைனா வைத்த பற்று இப்படித்தான் இருக்கும், எறும்பு முட்டை மாதிரி வழவழவென்று. கோணல் இல்லை, பிசிறு இல்லை.

வெண்ணிலா இரண்டு விரலால் அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

அவள் முழங்கால் இரண்டும் மடிந்தன. யாரோ பாதத்தைத் தரையோடு பிடித்துக்கொண்டு மேலே தூக்கியதுபோல் கணுக்கால் எலும்பு கலகலத்தது. நாற்காலியோடு சரிந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அப்படியானால் இதுதான்.

"அம்மா," என்றாள். "என்னிய இங்க பத்த வெச்சிட்டாரு."

எஞ்சினுக்குள் காசு அளவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு கேட்டது ஹாரன் இல்லை, பேச்சு.

"வர்றேன்னு சொன்னியே."

மங்கம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அது அவர் குரல்தான். தகரத்துக்குள் போட்டு நசுக்கியதுபோல் இருந்தாலும் அவர் குரல்தான்.

வெண்ணிலா அயர்னைக் கையில் எடுத்தாள். முனையை ஈரப் பஞ்சில் துடைத்தாள். சுஸ்ஸென்று ஆவி எழுந்தது. பலகைக்கடியில் படுத்துக் கிடந்த வயசில் அவர் ஆயிரம் தடவை கத்திய பாடம் அது: ஈயத்தைச் சுடாதே, பற்றியிருக்கிற பொருளைச் சுடு. பொருள் சூடேறினால் ஈயம் தானாக இளகும். அந்தப் பாடத்தை அவருக்கு எதிராகவே எடுக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கம்பிப் பெண்ணின் வலது பாதத்தில் முனையை வைத்தாள்.

தன் உள்ளங்காலில் நெருப்பு பட்டது.

"அய்யோ!" கை தானாக விலகிக்கொண்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளங்கால் சிவந்து கன்றியிருந்தது.

"வுட்டுடுடி," என்று அழுதாள் மங்கம்மாள். "வேல போனாப் போவட்டும். காலே இல்லாம இன்னா வேல?"

"இங்கியே நின்னுக்கினு இருந்தா மட்டும் இன்னாத்துக்கு இந்தக் காலு?"

மறுபடியும் வைத்தாள்.

தகரம் பொல்லாதது. வைக்கிற சூட்டையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சின்னக் கம்பி என்றால் நொடியில் இளகுவது, தகரத்தோடு பற்றியிருந்தால் இளகவே இளகாது. பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. அவள் பல்லைக் கடித்தாள். உள்ளங்காலிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் எரிந்தது. தன் தோல் கருகுகிற வாசனையும் பிசின் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. கண்ணீர் கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

"வர்றேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"மூணு தரம் சொன்ன."

"ஆமா சொன்னேன்! மனுசன் உயிரோட கீறாருன்னு நெனச்சி சொன்னேன். ஒத்த வார்த்த பேசமாட்டாரான்னு ஏங்கிச் சொன்னேன். ஏன் நைனா, உயிரோட இருந்தப்ப 'ம்'னு சொல்ல ஒனக்கு வாய் வரல, செத்த பின்னாடிதான் வந்திச்சா?"

ஸ்பீக்கர் கரகரத்தது.

"இப்ப வேற சொல்றேன், கேட்டுக்கோ," என்றாள் வெண்ணிலா. "போறேன்."

"அடியேய்!" மங்கம்மாள் அலறினாள். "அந்த வார்த்தையச் சொல்லாத! வாயக் கழுவு! வெளிய கெளம்புற பொண்ணு போறேன்னு சொல்லலாமா?"

"போறேன் நைனா. வர மாட்டேன். போறேன்!"

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எஞ்சின் பிளாட்பாரத்தில் முன்னும் பின்னும் துடித்தது. பலகைக்கு அடியில், அவள் சின்ன வயசில் படுத்துக் கிடந்த அதே இடத்தில், யாரோ ஓங்கிக் குத்தினார்கள். காகித மலை விரிசல் விட்டு உமி கொட்டியது. அயர்ன் பிடித்த கை மட்டும் அசையவில்லை.

"மூணு தரம்தானே கணக்கு? எடுத்துக்கோ. போறேன்!"

ஈயம் இளகியது.

வெள்ளி நிறம் கலங்கி, கண்ணீர் முத்து மாதிரி திரண்டு ஓடியது. கம்பிப் பெண்ணின் பாதம் தகரத்தை விட்டு எழுந்தது. இடது பாதத்தையும் அப்படியே எடுத்தாள். அது அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. பொம்மை கையோடு வந்தது.

எஞ்சின் விளக்கு மங்கி அணைந்தது. பலகைக்கு அடியில் குத்துவதும் நின்றது.

வெண்ணிலா நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மங்கம்மாள் கற்றாழை மடலைக் கீறிக்கொண்டு வந்து மகளின் இரண்டு உள்ளங்காலிலும் தடவினாள். கம்பிப் பெண்ணை முற்றத்துக்கு எடுத்துப் போய், அயர்ன் முனையால் முறுக்கைப் பிரித்து, வெறும் கம்பியாக்கி, சாமைக் கொல்லையில் வீசினாள் வெண்ணிலா. வெயில் அப்போதும் இருந்தது.

மறுநாள் காலை காவலூரிலிருந்தே வாணியம்பாடிக்கு நேராக ஒரு பஸ் இருந்தது. வெண்ணிலா காலில் துணி சுற்றிக்கொண்டு, பெரிய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி நிறுத்தத்துக்கு வந்தாள். கூடவே வந்த மங்கம்மாள் ஒரு துணி மூட்டை வைத்திருந்தாள்.

"நானும் கலசப்பாக்கத்துல எங்க அக்கா வூட்டுக்குக் கெளம்பிட்டேன், எனக்கு அந்தப் பக்கத்து பஸ்ஸு," என்றாள். "வூட்டப் பூட்டிட்டேன். யாருமில்லாத வூட்டுல அவரு ரயிலு ஓட்டிக்கினே கெடக்கட்டும்."

பஸ் வந்து நின்றது. வெண்ணிலா படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். 'போய்ட்டு வாம்மா' என்று சொல்லாத அம்மா நம் ஊரில் கிடையாது. மங்கம்மாளின் உதடு அந்த வார்த்தைக்குத்தான் குவிந்தது. அவள் அதை முழுங்கினாள்.

"போ," என்றாள். "போடி. போய்க்கினே இரு."

வெண்ணிலா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கூட்டமில்லை. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் உட்கார்ந்து, நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. வெளிக்காற்று முகத்தில் அடித்தால் தூக்கம் வருமோ என்று பயந்து அவள் உள்பக்கமாகவே உட்கார்ந்திருந்தாள். வளைவுக்கு வளைவு மலை கீழே இறங்கியது. ஆலங்காயம் வந்தது. பஸ் நின்றது. வேர்க்கடலைக்கார அம்மாள் ஜன்னலுக்கு வெளியே வந்து கத்தினாள்.

வெண்ணிலா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பஸ் கிளம்பியது. கடைத்தெரு பின்னால் போயிற்று. அவள் இன்னும் அதே சீட்டில்தான் இருந்தாள். அது அவளுக்கே நம்ப முடியாமல் இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டே அவள் பக்கம் வந்தான்.

"பொம்பளைங்களுக்குத்தான் சும்மா," என்றான். "பெரியவருக்கு டிக்கெட் எடுங்க."

"எந்தப் பெரியவருக்கு?"

"தோ, உங்க கூட வர்றவருக்கு."

வெண்ணிலாவின் சிரிப்பு நின்றது. ஜன்னலோரத்தைப் பார்த்தாள். காலி சீட். கிழிந்த ரெக்சின். அதற்கு அப்பால் ஓடுகிற வயல்.

"என் கூட யாரும் இல்ல," என்றாள். "நான் தனியாத்தான் போறேன்."

"காலங்காத்தால இன்னாம்மா வெளாட்டு?" கண்டக்டர் அலுத்துக்கொண்டு அவளைத் தாண்டி ஜன்னல் பக்கம் கையை நீட்டினான். "நீங்களே எடுங்க பெரியவரே. எங்க எறங்கணும்?"

காத்திருந்தான். ஏதோ கேட்டதுபோல் தலையை ஆட்டினான். சட்டென்று "ஸ்ஸ்!" என்று கையை உதறினான். உள்ளங்கையில் கிடந்த காசை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"இன்னாய்யா காசு இப்பிடிச் சுடுது? அடுப்புலேர்ந்து எடுத்தாந்தியா?" என்று முணுமுணுத்தபடி, வாணியம்பாடிக்கு ஒரு டிக்கெட் கிழித்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு முன்னால் போய்விட்டான்.

வெண்ணிலாவுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இறங்கினால் திரும்பிப் போகிற பஸ்தான் கிடைக்கும். அதுதானே அவருக்கும் வேண்டும்?

அவள் இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"வாணியம்பாடி வரைக்கும்தான் உன் டிக்கெட்டு. அங்க எறங்கிடணும். அப்பால வர்ற ரயிலு என்னுது."

சொல்லிவிட்டு, அந்த இடத்தை அடைத்துவிடுகிற வேகத்தில், மடியிலிருந்த நீலப் பையைத் தூக்கி ஜன்னலோரச் சீட்டில் பொத்தென்று வைத்தாள்.

பை சீட்டில் போய் உட்காரவில்லை.

சீட்டுக்கு ஒரு சாண் மேலே, யாரோ மடியில் வாங்கிக்கொண்டதுபோல் நின்றது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பை அசையவில்லை. பஸ் வளைவில் ஒடித்துத் திரும்பியது. அப்போதும் சரியவில்லை, கண்ணுக்குத் தெரியாத இரண்டு கைகள் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

வெண்ணிலா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பையைத் திருப்பி எடுக்கப் போன கையை மடியில் கட்டிக்கொண்டாள்.

"சொமக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டு, முன்னால் போகிற சாலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.